ஆட்டிசமும் குடல் நுண்ணுயிர்களும்: எதனால் எது?

ஆட்டிசம் என்பது பேச்சு, பழகும் விதம், நடத்தை ஆகியவற்றில் வேறுபாடு காட்டும் மூளை வளர்ச்சி நிலை. அது உள்ள குழந்தையின் பெற்றோருக்கு அறிவுரைகளுக்குப் பஞ்சமே இல்லை. கொஞ்ச காலமாக அந்த வரிசையில் முதலிடத்தைப் பிடித்திருப்பது வயிறு. "எல்லாம் குடலில்தான் ஆரம்பிக்கிறது, குடலைச் சரிசெய்தால் பிள்ளை பேச ஆரம்பித்துவிடும்" என்று உறவினர் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் வந்த காணொளி சொல்கிறது, சில நேரங்களில் வெள்ளைக் கோட்டு அணிந்தவரும் சொல்கிறார். கூடவே ஒரு மலப் பரிசோதனை, ஒரு புரோபயாட்டிக் ("நல்ல பாக்டீரியா") டப்பா, பால், கோதுமை இரண்டையும் நிறுத்தச் சொல்லும் ஓர் உணவுப் பட்டியல்.

இதில் உண்மை கொஞ்சம் இருக்கிறது. அதனால்தான் விஷயம் சிக்கலாகிறது. முழுப் பொய்யாக இருந்தால் ஒரே வரியில் மறுத்துவிட்டுப் போய்விடலாம்.

குடலுக்குள் ஒரு வாரச்சந்தை

நம் குடலில், முக்கியமாகப் பெருங்குடலில், கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கூட்டமாக வாழ்கின்றன. பெரும்பாலானவை பாக்டீரியாக்கள். இந்தக் கூட்டம் முழுவதற்கும் சேர்த்துக் குடல் நுண்ணுயிர்த் தொகுதி என்று பெயர். நம் செல்களைவிடப் பத்து மடங்கு அதிகமான பாக்டீரியாக்கள் உடலில் உள்ளன என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். 2016இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்து திரும்பக் கணக்குப் போட்டார்கள். ஒரு சராசரி ஆண் உடலில் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி, மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. பாக்டீரியாக்களின் மொத்த எடை சுமார் 200 கிராம். கிலோக்கணக்கில் சுமக்கிறோம் என்பதெல்லாம் மிகை.

இந்தத் தொகுதியை ஒரு வாரச்சந்தையாக நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டார மக்கள் எதை வாங்குகிறார்களோ அதை விற்கிறவர்தான் சந்தையில் நிலைப்பார். கீரை வாங்க ஆள் இருந்தால் கீரைக்காரர் வாராவாரம் வருவார். எல்லாரும் உருளைக்கிழங்கு மட்டுமே வாங்கினால் கீரைக்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். குடலிலும் இதே கதைதான். நாம் சாப்பிடும் நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்து சேர்கிறது. அதைத் தின்று வாழும் பாக்டீரியாக்கள் சிறு கொழுப்பு அமிலங்களை வெளியிடுகின்றன. குடலின் உட்சுவர் செல்களுக்கு அவற்றில் ஒன்றான பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். சாப்பாடு மாறினால் சந்தையில் கடை போடுபவர்களும் மாறுவார்கள்.

சந்தையிலிருந்து மூளைக்குச் செய்தி போகிறதா? போகிறது. வேகஸ் என்ற நீண்ட நரம்பு குடலையும் மூளையையும் இணைக்கிறது. பாக்டீரியாக்கள் உண்டாக்கும் சில வேதிப்பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. நோய் எதிர்ப்புச் செல்களும் குடலில் நிறைய உள்ளன, அவையும் சேதி சொல்கின்றன. ஆனால் "மனமகிழ்ச்சிக்கான செரடோனின் 90 சதவீதம் குடலில்தான் உற்பத்தியாகிறது, ஆகவே குடல்தான் இரண்டாவது மூளை" என்று முழங்குபவர்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். உடலின் செரடோனினில் பெரும்பகுதி குடலில் உண்டாவது உண்மைதான். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பை அது தாண்டுவதில்லை என்பதும் உண்மைதான். மூளை தனக்கு வேண்டிய செரடோனினைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

ஆகக் குடலுக்கும் மூளைக்கும் போக்குவரத்து உண்டு. ஆட்டிசத்தை உண்டாக்கும் சரக்கு அந்த வழியில் போகிறதா என்பது தனிக் கேள்வி.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது

பெற்றோரின் அனுபவத்திலிருந்து வந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வயிற்றுத் தொல்லை அதிகம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான கணக்கின்படி, மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்கு வயிற்றுத் தொல்லை இருக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்று வலி மூன்றுமே கூடுதல். 1943இல் அமெரிக்க மனநல மருத்துவர் லியோ கன்னர் ஆட்டிசத்தைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் 11 குழந்தைகளை விவரித்தார். அவர்களில் பலருக்குச் சிறு வயதிலேயே சாப்பிடுவதில் சிரமம் இருந்ததை அவரும் குறித்திருக்கிறார்.

2000இல் சிகாகோவில் 11 குழந்தைகளுக்கு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வாய்வழியாகக் கொடுத்தால் அந்த மருந்து ரத்தத்தில் பெரிதாகக் கலக்காது, குடலிலேயே தங்கி வேலை செய்யும். பெரும்பாலான குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் நிலைக்கவில்லை, பழைய நிலைக்கே திரும்பிவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாத சின்ன ஆய்வு அது. இருந்தாலும் பலருடைய ஆர்வத்தைக் கிளப்பிவிட்டது.

பிறகு எலிகள் வந்தன. 2013இல் கலிபோர்னியாவின் கால்டெக் நிறுவனத்தில், கர்ப்ப காலத்தில் தாயின் நோய் எதிர்ப்பு அமைப்பைச் செயற்கையாகத் தூண்டிவிட்டு, பிறந்த சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். அவற்றின் குடல் சுவரில் கசிவு இருந்தது. பாக்டீராய்டிஸ் ஃபிராஜிலிஸ் என்ற பாக்டீரியாவைக் கொடுத்ததும் கசிவு குறைந்தது, சில நடத்தைகளும் மாறின. செய்தித்தாள்கள் "ஆட்டிசத்துக்குப் பாக்டீரியா மருந்து" என்று தலைப்புப் போட்டன.

எலியின் ஆட்டிசம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். கூண்டில் மரத்தூளைப் பரப்பி, மேலே கண்ணாடிக் கோலிக்குண்டுகளை அடுக்கி வைப்பார்கள். எலி எத்தனை குண்டுகளைத் தோண்டிப் புதைக்கிறது என்று எண்ணுவார்கள். அதிகம் புதைத்தால் "திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தை" என்று எழுதிக்கொள்வார்கள். நமக்குக் கேட்காத அதிர்வெண்ணில் அது எழுப்பும் ஒலிகளைப் பதிவுசெய்து "தொடர்பாடல்" என்று கணக்கிடுவார்கள். மேற்சொன்ன ஆய்வில் குண்டு புதைப்பது குறைந்தது, ஒலிகளும் மாறின. ஆனால் மற்ற எலிகளுடன் பழகுவதில் இருந்த குறை மாறவில்லை. ஆய்வாளர்களே அதைக் கட்டுரையில் எழுதியிருந்தார்கள். தலைப்புகளில் மட்டும் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

சந்தை மாறியதால் மக்களா, மக்களால் சந்தையா?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்து, "மற்றக் குழந்தைகளோடு ஒப்பிட்டால் நுண்ணுயிர்கள் வேறுபடுகின்றன" என்று பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. வேறுபடட்டும். அந்த வேறுபாடு ஆட்டிசத்துக்குக் காரணமா, ஆட்டிசத்தால் வந்ததா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் கட்டப்பட்டிருப்பதுதான் இன்றைய வியாபாரத்தின் பெரும்பகுதி.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குச் சாப்பாட்டில் கடுமையான தேர்வு இருக்கும். சோற்றோடு தயிர் மட்டும்தான், அதுவும் சாம்பார் ஒரு துளி பட்டால் தட்டையே தள்ளிவிடும். ஒரே பிராண்டு பிஸ்கட், உடையாமல் முழுதாக இருக்க வேண்டும். வெண்டைக்காயின் வழவழப்பு வாயில் பட்டதும் குமட்டும். இது அடமில்லை. தொடுதல், மணம், சத்தம் எல்லாமே அவர்களுக்குக் கூடுதலாகவோ குறைவாகவோ உறைக்கின்றன, நாக்கு மட்டும் அதற்கு விலக்கா என்ன? இப்படி ஐந்தாறு பண்டங்களிலேயே வருடக்கணக்காக ஓடும் குழந்தையின் குடலில் கீரைக்காரர் எப்படிக் கடை போடுவார்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021இல் இதைத்தான் சோதித்தார்கள். மொத்தம் 247 குழந்தைகள். ஆட்டிசம் உள்ளவர்கள் 99 பேர், அவர்களுடைய வீட்டிலேயே வளரும் ஆட்டிசம் இல்லாத உடன்பிறப்புகள் 51 பேர், தொடர்பில்லாத மற்றக் குழந்தைகள் 97 பேர். மலத்தோடு நிற்காமல் உணவு, மரபணு, நடத்தை விவரங்களையும் சேகரித்தார்கள். ஆட்டிசத்துக்கும் நுண்ணுயிர்களுக்கும் நேரடித் தொடர்பு என்று சொல்லும்படியாகப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்த சங்கிலி வேறு: ஆட்டிசத்தின் இயல்புகளால் உணவு குறுகுகிறது, உணவு குறுகுவதால் நுண்ணுயிர்களின் வகைகள் குறைகின்றன, மலம் இளகுகிறது. காரணத்தைக் காட்டும் அம்பு எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

ஒரே ஆய்வில் எல்லாம் முடிந்துவிடாது. குடலிலிருந்து மூளைக்குச் சிறு தாக்கம்கூட இல்லவே இல்லை என்று அது நிரூபித்துவிடவும் இல்லை. ஆனால் உணவைக் கணக்கில் எடுக்காமல் "உங்கள் பிள்ளையின் குடலில் நல்ல பாக்டீரியா குறைவு, அதனால்தான் பேசவில்லை" என்று மலப் பரிசோதனை அறிக்கையை நீட்டுபவரை நம்புவதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. ஆட்டிசத்தைக் கண்டறியும் மலப் பரிசோதனை என்று மருத்துவத்தில் நிலைபெற்ற ஒன்று கிடையவே கிடையாது. ஐந்து நாடுகளில் சுமார் 20 லட்சம் குழந்தைகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு, ஆட்டிசம் யாருக்கு வருகிறது என்பதில் உள்ள வேறுபாட்டில் சுமார் 80 சதவீதம் மரபணு சார்ந்தது என்று மதிப்பிட்டது. குழந்தை சோற்றில் கை வைப்பதற்கு வெகு முன்பே, கருவிலேயே மூளை வளர்ச்சியின் போக்கு பெருமளவு தொடங்கிவிடுகிறது.

என்னென்ன சிகிச்சைகள் பேசப்படுகின்றன

முதலில் புரோபயாட்டிக். உடலுக்கு நன்மை தரும் என்ற எதிர்பார்ப்பில் உயிரோடு விழுங்கப்படும் நுண்ணுயிர்கள். சந்தைக்கு வெளியூர் வியாபாரி ஒருவர் வருவதைப் போல. வருவார், விற்பார், பெரும்பாலும் அந்தியில் கிளம்பிவிடுவார். கொடுப்பதை நிறுத்தினால் பல புரோபயாட்டிக் பாக்டீரியாக்கள் குடலில் தங்குவதில்லை. இத்தாலியின் பீசா நகரில் 85 சிறு குழந்தைகளுக்கு ஆறு மாதம் புரோபயாட்டிக் கலவை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வெளியானது. ஆட்டிசத்தின் தீவிரத்தில், மொத்தக் குழுவாகப் பார்த்தால், கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அதே நாட்டில் 2024இல் வெளியான இன்னொன்றில், 43 குழந்தைகளிடம் லாக்டோபேசிலஸ் ரியூட்டரி என்ற பாக்டீரியா பழகும் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் காட்டியது. ஒட்டுமொத்த ஆட்டிசத் தீவிரத்தில் மாற்றமில்லை. இது தொடர்ந்து ஆராயப்பட வேண்டிய செய்திதான். கடையில் பார்த்த ஏதோ ஒரு டப்பாவை வாங்கிவரச் சொல்லும் செய்தி இல்லை, ஏனென்றால் ஒரு வகைப் பாக்டீரியா செய்வதை இன்னொரு வகை செய்யும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது மல நுண்ணுயிர் மாற்று. ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து நோயாளியின் குடலில் சேர்ப்பது. பக்கத்து ஊர்ச் சந்தையையே லாரியில் ஏற்றிவந்து இறக்குகிறார்கள். கேட்க அருவருப்பாக இருந்தாலும், ஒரு நோய்க்கு இது அருமையான சிகிச்சை. குளோஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவால் திரும்பத் திரும்ப வரும் கடும் வயிற்றுப்போக்குக்கு இது நன்றாக வேலை செய்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2022இலும் 2023இலும் இவ்வகைத் தயாரிப்புகளுக்கு அனுமதி கொடுத்தது. அந்த ஒரு நோய்க்கு மட்டும், பெரியவர்களுக்கு மட்டும்.

ஆட்டிசத்தில் எல்லாரும் மேற்கோள் காட்டுவது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு. 2017இல் வெளியானது. 7 முதல் 16 வயதுக்குட்பட்ட 18 குழந்தைகள், எல்லாருக்கும் ஆட்டிசத்தோடு வயிற்றுத் தொல்லையும் உண்டு. இரண்டு வாரம் வான்கோமைசின், பிறகு குடலைக் கழுவும் மருந்து, அதன்பின் ஏழெட்டு வாரங்களுக்கு நுண்ணுயிர்த் தயாரிப்பு. வாய்வழி எடுத்துக்கொண்டவர்களுக்குச் சாக்லேட் பாலிலோ பழச்சாற்றிலோ கலந்து கொடுத்தார்கள். சிகிச்சை முடிவில் வயிற்றுத் தொல்லை மதிப்பெண் சுமார் 80 சதவீதம் குறைந்தது. இரண்டு வருடம் கழித்து அதே குழந்தைகளைப் பார்த்தபோது வயிற்று நிவாரணம் பெருமளவு நீடித்தது. தொடக்கத்தில் 83 சதவீதம் பேர் "கடுமையான ஆட்டிசம்" என்ற பிரிவில் இருந்தார்கள், இப்போது 17 சதவீதம் பேர்தான்.

இதைப் படிக்கும் எந்தப் பெற்றோருக்கும் மனம் துள்ளும். ஆனால் இந்த ஆய்வில் சிகிச்சை பெறாத ஆட்டிசக் குழந்தைகளின் குழு இல்லை. எல்லாருக்கும் என்ன கொடுக்கிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அது ஏன் அவ்வளவு பெரிய ஓட்டை என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. இதுவும் குடல் கதைதான்.

செக்ரெட்டின்: உப்புத் தண்ணீர் ஜெயித்த கதை

செக்ரெட்டின் என்பது சிறுகுடலில் சுரக்கும் ஹார்மோன். கணையத்தைப் பரிசோதிக்கும்போது இதை ஊசியாகப் போடுவது உண்டு. 1998இல் அமெரிக்காவில், இந்தப் பரிசோதனைக்குப் பிறகு ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகள் கண்ணைப் பார்த்துப் பழகத் தொடங்கினார்கள், பேச்சு கூடியது என்று ஒரு கட்டுரை வந்தது. தொலைக்காட்சியில் செய்தி ஓடியது. ஆயிரக்கணக்கான பெற்றோர் செக்ரெட்டினைத் தேடி அலைந்தார்கள்.

1999இல் முறையாகச் சோதித்தார்கள். 60 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்குச் செக்ரெட்டின் ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிடுபவருக்கும் தெரியாது. இப்படி மருந்தே இல்லாமல் மருந்துபோலக் கொடுப்பதற்குப் பிளாசிபோ என்று பெயர். நான்கு வாரம் கழித்து ஆட்டிச நடத்தைப் பட்டியலில் செக்ரெட்டின் குழுவின் மதிப்பெண் சராசரியாக 8.9 குறைந்திருந்தது. முன்னேற்றம்தான். உப்புநீர் குழுவில்? 17.8 குறைந்திருந்தது.

உப்புத் தண்ணீருக்குச் சக்தி இருக்கிறது என்று பொருளில்லை. குழந்தைகள் எப்படியும் வளர்கிறார்கள். நிலைமை மிக மோசமாக இருக்கும் வாரத்தில்தான் பெற்றோர் ஆய்வுக்குப் பெயர் கொடுக்கிறார்கள், அதன்பின் இயல்பாகவே கொஞ்சம் தணியும். நம்பிக்கையோடு பார்க்கும் கண்ணுக்கு, முன்பு கவனிக்காத சிறு சிரிப்பும் புதிதாகத் தெரியும். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. பார்வையே அப்படித்தான் இயங்குகிறது. பிளாசிபோ குழு இல்லையென்றால் இந்த எல்லாவற்றையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். அந்த ஆய்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கடைசியில் வரும் ஒரு எண்: முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் செக்ரெட்டினில் ஆர்வம் உண்டு என்றார்கள். எனக்கு அவர்கள்மேல் கோபம் வரவில்லை. வேறு எதையும் கையில் கொடுக்காமல் "இது வேலை செய்யாது" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அரிசோனா முடிவுகளுக்கு இப்போது திரும்பிப் போங்கள். இரண்டு வருடம், 18 குழந்தைகள், ஒப்பிட யாரும் இல்லை. அது தவறு என்று இதனால் ஆகிவிடாது. சரி என்றும் ஆகிவிடாது. சோதித்துப் பார்க்கத் தகுந்த ஒரு துப்பு, அவ்வளவுதான்.

வீட்டில் செய்து பார்த்தால் என்ன?

கூடவே கூடாது. 2019 ஜூனில் எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றிய பெரியவர்கள் இருவருக்கு, ஒரே கொடையாளியின் மலத்திலிருந்து தயாரித்த சிகிச்சை கொடுக்கப்பட்டது. அதில் ஆன்டிபயாட்டிக்குகளுக்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியா இருந்தது. ஒருவர் இறந்துவிட்டார். மருத்துவமனை ஆய்விலேயே இந்த நிலை என்றால், தெரிந்த ஒருவரின் மலத்தை மிக்சியில் அடித்துச் செய்வதைப் பற்றி என்ன சொல்ல!

பால், கோதுமை நிறுத்தமும் பாதிப்பில்லாத விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். ஏற்கனவே ஐந்தாறு பண்டங்களில் வாழும் குழந்தையிடமிருந்து தயிரையும் சப்பாத்தியையும் பிடுங்கினால் மிஞ்சுவது என்ன? கால்சியமும் புரதமும் எங்கிருந்து வரும்? 2016இல் அமெரிக்காவில் 14 குழந்தைகளை வைத்து, யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்று தெரியாதபடி நடத்திய சிறு ஆய்வில் இந்த உணவுமுறையால் நடத்தையில் பலன் எதுவும் தெரியவில்லை. கோதுமை ஒவ்வாமையோ, கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயோ பரிசோதனையில் உறுதியானால் அது வேறு விஷயம், அதற்குக் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

வயிற்றை வயிற்றுக்காகவே பாருங்கள்

குடல் சிகிச்சைக்கு எதிரான கட்டுரை என்று இதை எடுத்துக்கொண்டு, குழந்தையின் வயிற்றைக் கவனிக்காமல் விட்டால் நான் எழுதியது வீண். வயிற்றுத் தொல்லை உண்மையானது. "ஆட்டிசம் என்றால் இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வலியைக் கண்டுகொள்ளாமல் விடுவது, "குடல்தான் ஆட்டிசம்" என்பதைவிடப் பெரிய தவறு.

பேசாத ஐந்து வயதுக் குழந்தை "வயிறு வலிக்கிறது" என்று சொல்லாது. சோபாவின் கைப்பிடியில் போய் வயிற்றை அழுத்திக்கொண்டு குப்புறக் கிடக்கும். சாப்பிட்ட அரைமணியில் முதுகை வளைத்து அலறும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து தன் கையைக் கடித்துக்கொள்ளும். திடீரென்று அடிக்க ஆரம்பிக்கும். வீட்டில் இதற்கெல்லாம் "நடத்தைப் பிரச்சினை" என்று பெயர் வைத்திருப்பார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கூட்டறிக்கை ஒன்று 2010இலேயே இதைச் சொல்லிவிட்டது: நடத்தை திடீரென மாறினால் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள், மற்றக் குழந்தைக்குச் செய்யும் அதே பரிசோதனையை இந்தக் குழந்தைக்கும் செய்யுங்கள்.

அடிக்கடி ஏமாற்றுவது மலச்சிக்கல். கெட்டிப்பட்ட மலம் பெருங்குடலின் கடைசியில் அடைத்துக்கொள்ளும். மேலிருந்து வரும் நீர்த்த மலம் அதன் ஓரமாகக் கசிந்து ஜட்டியை நனைக்கும். வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதை நிறுத்தும் மருந்தைக் கொடுத்தால் அடைப்பு இன்னும் இறுகும். மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தால் பல நேரம் கையிலேயே தட்டுப்பட்டுவிடும். பாலிஎத்திலீன் கிளைக்கால், லாக்டுலோஸ் போன்ற பழைய, மலிவான மருந்துகள்தான் சிகிச்சை. அளவை மருத்துவர் சொல்வார், சில மாதங்கள் பொறுமையாகத் தொடர வேண்டியிருக்கும். கூடவே சாப்பிட்டதும் கழிவறையில் உட்காரப் பழக்குவது. இந்திய முறைக் கழிப்பறையில் உட்காரும்போது முழங்கால் தானே உயர்ந்துவிடும், மேலை முறையில் உட்காரும் குழந்தைக்குக் காலடியில் ஒரு முக்காலி போட வேண்டும்.

வலி போனால் தூக்கம் வரும். தூங்கிய குழந்தை மறுநாள் பேச்சுப் பயிற்சியில் பத்து நிமிடம் கூடுதலாக உட்காரும். பார்ப்பவர் "ஆட்டிசம் குறைந்துவிட்டது" என்பார். குறைந்தது வலி. குடல் சிகிச்சைகளின் பல வெற்றிக் கதைகளுக்குள் இருப்பது இதுவாகவும் இருக்கலாம் என்பது என் கணிப்பு.

குழந்தை மருத்துவரிடம் போகும்முன் இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: என்ன சாப்பிட்டது, எப்போது மலம் கழித்தது, உருண்டையா, கெட்டியா, நீரா, எத்தனை மணிக்கு அழுதது. மலத்தை அலைபேசியில் படமெடுத்துப் போனாலும் மருத்துவர் முகம் சுளிக்க மாட்டார். ரத்தம் தெரிந்தாலோ, எடை குறைந்தாலோ, பச்சை நிறத்தில் வாந்தி எடுத்தாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே போங்கள்.